பல் முளைக்கும் குழந்தைக்கு நள்ளிரவில் எது உதவும்? விரல், வளையம், சொட்டு மருந்து, ஜெல், தேன்: ஓர் ஒப்பீடு

சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "எட்டு மாதப் பையன். கீழே இரண்டு பல் வந்துவிட்டது, மேல் ஈறு வீங்கியிருக்கிறது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஆரம்பித்தால் விடியும்வரை சிணுங்கல். பக்கத்து வீட்டில் ஜெல் தடவச் சொல்கிறார்கள். மாமியார் வசம்பு உரைத்துக் கொடுக்கலாம் என்கிறார். மெடிக்கலில் சொட்டு மருந்து தருகிறார்கள். எதைத்தான் செய்வது?" ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கத்திலிருந்து இன்னொருவர்: "எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. கொஞ்சம் மலைத்தேன் தடவினால் போதும் என்கிறார்கள். சரிதானா?"

இரண்டு வீட்டிலும் பிரச்சினை ஒன்றுதான். ஆனால் கையில் இருக்கும் வசதி வேறு, நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் தூரமும் வேறு. அதனால் ஒவ்வொரு வழியையும் தனித்தனியாக எடைபோட்டுப் பார்ப்போம்.

முதலில், இது பல்தானா?

பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆறாவது மாதத்தை ஒட்டி முதல் பல் வரும். நான்காவது மாதத்திலேயே வந்தாலும், ஒரு வயதை நெருங்கும்போது வந்தாலும் கவலைப்பட ஒன்றுமில்லை. இரண்டரை, மூன்று வயதுக்குள் இருபது பால்பற்களும் வந்துவிடும். அந்த இருபதும் ஒவ்வொரு தடவை உயிரை எடுக்கும் என்று பயப்பட வேண்டாம். சில பல் வந்ததே தெரியாது.

அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தினமும் கவனித்து, 2000-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பல் ஈறைக் கிழித்து வெளியே வருவதற்கு நான்கு நாள் முன்பிருந்து, வந்த பிறகு மூன்று நாள் வரைதான் தொந்தரவு இருந்தது. எச்சில் வடிவது, கடிப்பது, ஈறைத் தேய்ப்பது, காதைத் தேய்ப்பது, எரிச்சல், விழித்துக்கொள்வது, திட உணவு வேண்டாம் என்பது, உடம்பு லேசாகச் சுடுவது: இவை பல்லோடு சேர்ந்து வந்தன. இருமல், வாந்தி, பேதி, 102 டிகிரிக்கு மேல் காய்ச்சல் ஆகியவற்றுக்கும் பல்லுக்கும் தொடர்பு தெரியவில்லை.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "பல் முளைக்குது, அதான் பேதி" என்ற பேச்சு நம் ஊரில் அவ்வளவு சகஜம். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குறைகிற வயதும், கையில் கிடைத்ததை எல்லாம் வாயில் வைக்கிற வயதும் ஒன்றுதான். அதனால்தான் பல்லும் பேதியும் ஒரே சமயத்தில் வருகின்றன. பேதியைப் பல்லின் தலையில் கட்டிவிட்டு ஓஆர்எஸ் கொடுக்காமல் இரண்டு நாள் விட்டால், குழந்தை உடம்பில் நீர் வற்றிவிடும். தெர்மாமீட்டரில் 100.4 டிகிரியோ அதற்கு மேலோ காட்டினாலும் பல்லைக் குறை சொல்லாதீர்கள், வேறு காரணம் தேடுங்கள். படுக்க வைத்தால் வீறிட்டு அழுது, தூக்கி நிமிர்த்தினால் சற்று அடங்கினால், காதில் சீழ் பிடித்திருக்கிறதா என்று டாக்டர் பார்க்க வேண்டும். இரண்டு வாரமாகத் தினமும் இரவில் அழுகிறது என்றால், அதையும் பல் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எதை வைத்து எடைபோடுவது?

பகலில் எதைக் கடிக்கக் கொடுத்தாலும் யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம். இரவில் நாமும் அரைத்தூக்கம். அதனால் என் முதல் அளவுகோல் இதுதான்: குழந்தை தூங்கிய பிறகு அந்தப் பொருள் எங்கே இருக்கும்? வாயிலோ, கழுத்திலோ, தூளிக்குள்ளோ மிஞ்சி நிற்கும் எதுவும் இரவுக்கு ஆகாது. பகலில் அது எவ்வளவு நல்ல பொருளாக இருந்தாலும் சரி.

அடுத்தது வயது. ஆறு மாதம், ஒரு வயது, இரண்டு வயது என்று ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கோடு உண்டு. மூன்றாவது, அதன் பலன் எவ்வளவு நேரம் தாங்கும் என்பது. நான்காவது, நள்ளிரவில் கரண்ட் இல்லாமல், கடை இல்லாமல் அது நம் வீட்டில் கிடைக்குமா என்பது. கடைசியாக, கண்ணுக்குத் தெரியாத செலவு. இங்கே பணம் பெரிய விஷயமில்லை. யார் தூக்கம் போகிறது, என்ன பழக்கம் ஒட்டிக்கொள்கிறது, தவறினால் என்ன ஆகும் என்பதுதான் செலவு.

சுத்தமான விரல், ஈரத்துணி

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நகத்தை ஒட்ட வெட்டிய விரலால் வீங்கிய ஈறை ஓரிரு நிமிடம் மெதுவாக அழுத்தித் தேய்ப்பது. அவ்வளவுதான். குழந்தை மருத்துவர்கள் முதலில் சொல்வதும் இதைத்தான். உள்ளிருந்து பல் தள்ளுகிறது, வெளியிலிருந்து நாம் எதிர்த்து அழுத்துகிறோம். அதில்தான் குழந்தைக்குச் சுகம். நம் விரலைத் தானாகவே கடித்து இழுத்துக்கொள்வதைப் பார்த்தாலே தெரியும்.

விரல் போதாவிட்டால், கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் சுத்தமான பருத்தித்துணியை நனைத்துப் பிழிந்து, ஒரு முனையை நீங்கள் பிடித்துக்கொண்டு மறுமுனையைக் கடிக்கக் கொடுங்கள். பழைய வேட்டித்துணி இதற்கு நன்றாக இருக்கும். நூல் பிரிந்த துணி வேண்டாம்.

என் முதல் அளவுகோலில் முழு மதிப்பெண் இதற்குத்தான். குழந்தை கண்ணயர்ந்ததும் விரல் வெளியே வந்துவிடும், துணி உங்கள் கையில் இருக்கும். எந்த வயதுக்கும் ஆகும். கரண்ட் வேண்டாம், கடை வேண்டாம். குறை என்னவென்றால், பலன் சிறிது நேரம்தான் தாங்கும். ஒரே இரவில் மூன்று தடவை எழ வேண்டிவரலாம். அந்தச் செலவு முழுவதும் அம்மாவின் தூக்கத்திலிருந்துதான் போகிறது. இதை ஒருவர் தலையில் மட்டும் கட்டாதீர்கள். முன்னிரவு அப்பா, பின்னிரவு அம்மா என்று பிரித்துக்கொள்ளுங்கள். வசம்பு உரைக்க ஆசைப்படும் அம்மாயிக்கும் அப்பத்தாவுக்கும் இந்த வேலையைக் கொடுங்கள். பல குழந்தைகளைத் தூக்கி வளர்த்த அந்தக் கைக்கு அழுத்தம் எவ்வளவு என்று நமக்கு மேலாகத் தெரியும். இந்தக் கையை விட்டு இரவில் வேறு எதையும் நான் முதலில் தேட மாட்டேன்.

குளிர்ந்த டீத்தர் (கடிக்கும் வளையம்)

ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்த ரப்பர் அல்லது சிலிகான் வளையம் வீங்கிய ஈறை இதமாக மரக்கச் செய்யும். ஆனால் ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. கல்லாக உறைந்த வளையம் ஈறைப் புண்ணாக்கிவிடும். உள்ளே நீரோ ஜெல்லோ அடைத்த வகையைக் குழந்தை கடித்துக் கிழித்தால் உள்ளிருப்பது வாய்க்குள் போகும். ஒரே வார்ப்பாக, கெட்டியாக இருப்பதை வாங்குங்கள்.

சேலத்து ஏப்ரல், மே மாத இரவில் இது நிஜமாகவே உதவும். ஆனால் அந்த மாதங்களில்தான் கரண்டும் போகும், வளையமும் சீக்கிரம் சூடாகும். இரண்டு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். தரையில் விழுந்ததைக் கழுவாமல் இருட்டில் மறுபடி வாயில் வைத்துவிடுவது அடிக்கடி நடக்கிற தவறு. தூக்கம் சொக்கியதும் கையிலிருந்து வாங்கிவிடுங்கள். நாடாவில் கட்டித் தூளியிலோ சட்டையிலோ மாட்டவே கூடாது.

கேரட் துண்டைக் குளிரவைத்துக் கொடுப்பது, மாங்கொட்டையைச் சப்பக் கொடுப்பது எல்லாம் பகலுக்கு, அதுவும் உட்காரவைத்து எதிரில் இருந்து பார்க்கும்போது. முன்பல் வந்த குழந்தை கேரட்டைக் கடித்துத் துண்டாக்கிவிடும், ஆனால் மெல்லத் தெரியாது.

தாய்ப்பால், தோள், தூளி

வலியை மறக்கடிப்பதில் தாய்ப்பாலுக்கு ஈடு குறைவு. சில குழந்தைகள் ஈறு வலிக்கும்போது குடிக்க மறுக்கும், சில குழந்தைகள் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டுமே சில நாளில் சரியாகிவிடும். கடித்துவிட்டால் இழுத்துப் பறிக்காமல், வாயோரத்தில் சுண்டுவிரலை நுழைத்துப் பிடியை விடுவியுங்கள்.

புட்டிப்பால் கதை வேறு. பாலை உறிஞ்சிக்கொண்டே புட்டியோடு தூங்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டால், இரவெல்லாம் புதுப் பல்லைச் சுற்றிப் பால் நிற்கும். முன்பற்கள் சொத்தையாவது இப்படித்தான் தொடங்குகிறது. கடிக்கட்டும் என்று சர்க்கரையிலோ கருப்பட்டியிலோ தொட்டு நிப்பிள் கொடுப்பதும் இதே வழிதான்.

தூளியில் ஆட்டினால் தூங்கும் குழந்தையை ஆட்டித் தூங்கவைக்கலாம். தூங்கியதும் சமமான படுக்கைக்கு மாற்றிவிடுங்கள். எட்டு மாதக் குழந்தை விழித்து எழுந்து உட்காரப் பார்க்கும், தூளி அதற்கான இடமல்ல.

பாராசிட்டமால் சொட்டு மருந்து

விரலும் பாலும் செய்து பார்த்தும் அழுகை அடங்கவில்லை, பல் என்பதும் தெளிவாகத் தெரிகிறது என்றால், தயங்காமல் எடுக்க வேண்டியது இதுதான். மருந்து என்றாலே ஒதுங்கிவிட்டு, ஆபத்தான "இயற்கை" வழிகளுக்குப் போகும் பெற்றோரைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. சரியான அளவில் கொடுத்தால் பாராசிட்டமால் இந்த வயதுக்குப் பாதுகாப்பானது. ஏறக்குறைய அரைமணி நேரத்தில் வேலை செய்யத் தொடங்கும், நான்கிலிருந்து ஆறு மணி நேரம் தாங்கும். குழந்தை தூங்கும்போது வாயில் எதுவும் மிஞ்சாது. வீட்டில் எல்லோரும் தூங்கலாம்.

ஆபத்து அளவில் இருக்கிறது. ஒரு வேளைக்கு, குழந்தையின் எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு டாக்டர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது. நம் ஊர்க் கடைகளில் ஒரே மருந்து மூன்று வீரியங்களில் கிடைக்கிறது. எட்டு கிலோ குழந்தைக்கு 80 முதல் 120 மில்லிகிராம் வேண்டும் என்றால், ஒவ்வொரு பாட்டிலிலும் அளவு எப்படி மாறுகிறது பாருங்கள்:

| பாட்டிலில் எழுதியிருப்பது | 1 மில்லியில் உள்ள மருந்து | 8 கிலோ குழந்தைக்கு ஒரு வேளை |
|---|---|---|
| சொட்டு மருந்து, 1 மில்லிக்கு 100 மி.கி. | 100 மி.கி. | 0.8 – 1.2 மில்லி |
| சிரப், 5 மில்லிக்கு 125 மி.கி. | 25 மி.கி. | 3.2 – 4.8 மில்லி |
| சிரப், 5 மில்லிக்கு 250 மி.கி. | 50 மி.கி. | 1.6 – 2.4 மில்லி |

சொட்டு மருந்து சின்ன பாட்டில், அதனால் லேசானது என்று பலர் நினைக்கிறார்கள். மூன்றிலும் வீரியம் அதிகமானது அதுதான். சிரப் நினைப்பில் அதை ஐந்து மில்லி ஊற்றிவிட்டால், ஒரே வாயில் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும். அது இந்த எடைக்கான ஒரு வேளை அளவைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். அளவு மீறினால் இந்த மருந்து ஈரலைக் கெடுக்கலாம். எனவே வீட்டில் ஒரே ஒரு வகை மட்டும் வைத்திருங்கள். டாக்டரிடம் போகும்போது உங்கள் குழந்தையின் எடைக்கான மில்லி அளவைக் கேட்டு பாட்டில் மேலேயே எழுதி ஒட்டுங்கள். அங்கன்வாடியில் மாதாமாதம் எடை பார்க்கும்போது அளவையும் திருத்திக்கொள்ளுங்கள். கரண்டி வேண்டாம், பாட்டிலோடு வந்த அளவுக்குழாயே சரி. இரண்டு வேளைக்கு நடுவில் குறைந்தது நான்கு மணி நேரம் இருக்கட்டும், ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். நள்ளிரவில் கொடுத்த நேரத்தை ஒரு தாளில் குறித்துவையுங்கள். இல்லாவிட்டால் அம்மா ஒரு தடவை, அப்பா ஒரு தடவை என்று கொடுத்துவிட வாய்ப்பிருக்கிறது. அடுத்தடுத்து இரண்டு இரவுக்கு மேல் தேவைப்பட்டால் டாக்டரைப் பாருங்கள். மருந்து வலியோடு காய்ச்சலையும் மறைக்கும், அதனால் முதலில் தெர்மாமீட்டர், அப்புறம் மருந்து.

ஆறு மாதத்துக்கு மேல் இபுபுரூஃபன் கொடுக்கலாம் என்று படித்திருப்பீர்கள். டெங்கு சுற்றும் மழைக்காலத்தில், காய்ச்சலும் இருக்கும்போது அதை நீங்களாகக் கொடுக்க வேண்டாம். டெங்கு என்றால் ரத்தக்கசிவை அது அதிகமாக்கும்.

இன்னொன்று: தூங்கட்டும் என்று சளி சிரப் கொடுப்பது. இது கூடவே கூடாது. குளோர்ஃபெனிரமினும் ஃபினைல்எஃப்ரினும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தரக் கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே உத்தரவிட்டிருக்கிறது.

ஈறில் தடவும் ஜெல்

அம்மாப்பேட்டைத் தாய்க்கு நேரடியான பதில்: வேண்டாம். எச்சில் ஊறும் வாயில் ஜெல் சில நிமிடம்கூட நிற்பதில்லை, விழுங்கப்பட்டுவிடும். அட்டையில் பென்சோகைன் என்று இருந்தால், அது ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்யும் ஒரு நிலையை உண்டாக்கலாம். உதடு நீலம் பாரிக்கும், உயிருக்கே ஆபத்து. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்க மருந்துத் துறை 2018-இல் மறுபடியும் எச்சரித்தது. லிக்னோகைன் தொண்டையையும் மரக்கவைக்கும், அளவு மீறினால் வலிப்பு வரும், இதயத்தைப் பாதிக்கும். கோலின் சாலிசிலேட் ஆஸ்பிரின் குடும்பம். அது கலந்த வாய் ஜெல்லை 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தர வேண்டாம் என்று பிரிட்டன் 2009-இல் சொல்லிவிட்டது. பெரியவர்களின் வாய்ப்புண்ணுக்கு வாங்கிய ஜெல் வீட்டில் இருந்தால், அது இருக்கும் இடத்தையே மாற்றிவையுங்கள். இந்த வழி சிறந்ததாக இருக்கும் சூழ்நிலை எதுவும் கைக்குழந்தைக்கு இல்லை.

தேன், வசம்பு, கிராம்புத் தைலம்

சேர்வராயன் மலைத்தேன் நல்ல தேன்தான். நீங்களும் நானும் சாப்பிடலாம். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு ஒரு சொட்டும் வேண்டாம். தேனில் போட்யூலிசம் கிருமியின் வித்துகள் இருக்கலாம். கலப்படமில்லாத தேனிலும் இருக்கலாம், வீட்டில் காய்ச்சினாலும் அவை சாகாது. ஒரு வயதுக்குள் குடல் இன்னும் பக்குவப்படாததால் அவை உள்ளே முளைத்து நஞ்சைக் கக்கும். முதலில் மலச்சிக்கல், அப்புறம் அழுகைச் சத்தம் மெலிவது, உறிஞ்சச் சக்தி இல்லாமை, கை கால் துவண்டு போவது, கடைசியில் மூச்சுக்கே சிரமம். அபூர்வமாக வருவதுதான். ஆனால் இதைத் தவிர்க்க நாம் இழப்பது ஒரு விரல் தேன் மட்டும்.

வசம்பைப் பற்றிப் பேசும்போது பெரியவர்கள் மனம் நோகும் என்று தெரியும். சுட்டு உரைத்துக் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் ஊறியது. செவ்வாய்ப்பேட்டை நாட்டு மருந்துக் கடைக்குப் போனால் பிள்ளை பெற்ற வீட்டுச் சாமான் பட்டியலில் முதலில் அதுதான் வரும். ஆனாலும் வசம்பில் உள்ள பீட்டா அசரோன் என்ற பொருள் சோதனை விலங்குகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதால், 1968-லேயே அமெரிக்காவில் உணவில் சேர்ப்பதைத் தடை செய்தார்கள். உரைகல்லில் எத்தனை உரை உரைத்தோம் என்பதற்கு அளவும் கிடையாது. குழந்தை மயங்கித் தூங்குவதை மருந்து வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. கிராம்புத் தைலம் இன்னும் மோசம். பெரியவர்கள் சொத்தைப் பல்லில் பஞ்சால் ஒற்றுவது வேறு. குழந்தை ஈறில் அது தீப்புண் மாதிரி எரியும், கொஞ்சம் விழுங்கினாலே ஈரலைத் தாக்கும்.

வெள்ளி, வசம்பு வளையல், பாசிமாலை

வெள்ளிக்குப் பேர்போன ஊர் நம்முடையது. தாய்மாமன் சீராகக் கொலுசும் கிலுகிலுப்பையும் வரும், குழந்தை அவற்றையும் கடிக்கும். பகலில், கண்ணெதிரில், வழவழப்பான வெள்ளிக் கிலுகிலுப்பையைக் கடிக்கட்டும். இரவில் கழற்றி அலமாரியில் வையுங்கள். எட்டு மாதக் குழந்தை காலைத் தூக்கி வாயில் வைக்கும் வயது. கொலுசின் சலங்கை ஒன்று கழன்றால் மூச்சுக்குழலுக்குச் சரியான அளவில் இருக்கும். கையில் கட்டும் வசம்பு வளையலுக்கும் இதேதான். பல் வலிக்கு என்று ஆன்லைனில் விற்கும் ஆம்பர் (இறுகிய மரப்பிசின்) பாசிமாலையை வாங்கவே வாங்காதீர்கள். அமெரிக்காவில் ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று தூக்கத்தில் அந்த மாலை கழுத்தை இறுக்கி இறந்திருக்கிறது.

ஊரில் இருந்தால், மலையில் இருந்தால்

அம்மாப்பேட்டை வீட்டுக்கு: தறிச்சத்தமும் வெக்கையும் சேர்ந்தே குழந்தையை எழுப்பும். குளிர்ந்த வளையமும் விரலும் முதல் கட்டம். பாராசிட்டமால் கையிருப்பில் இருக்கட்டும். சந்தேகம் வந்தால் 104-க்கு அழைத்து எந்த நேரத்திலும் மருத்துவ ஆலோசனை கேட்கலாம்.

நாகலூர் வீட்டுக்கு: ஃபிரிட்ஜ் இல்லையே என்ற கவலை வேண்டாம். சேலத்தைவிட ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறீர்கள். காய்ச்சி மூடிவைத்த தண்ணீர் இரவில் தானே குளிர்ந்துவிடும், அதில் நனைத்த துணி போதும். மார்கழி, தைக் குளிரில் அதுவும் வேண்டாம், வெறும் விரலே இதம். உங்களுக்கு வேறொரு கவனம் வேண்டும். எச்சிலில் நனைந்த சட்டை குளிரில் கழுத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தால் குழந்தை அதனாலேயே அழும். இரவில் ஒரு தடவையாவது மாற்றி, தாடையிலும் கழுத்து மடிப்பிலும் ஈரத்தை ஒற்றி எடுத்து, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.

தெர்மாமீட்டர், பாராசிட்டமால், ஓஆர்எஸ் பாக்கெட் மூன்றும் மலைவீட்டில் எப்போதும் இருக்க வேண்டும். நடுராத்திரியில் மெடிக்கல் திறந்திருக்காது, இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டித்தான் சேலம். அதனால் முடிவை இருட்டுவதற்கு முன்பே எடுங்கள். சாயங்காலமே 100.4 டிகிரி தாண்டினாலோ, பேதி தொடங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, வெளிச்சத்திலேயே ஏற்காடு அரசு மருத்துவமனைக்குப் போய்க் காட்டிவிடுங்கள். துவண்டு போவது, ஆறு மணி நேரமாக மூத்திரம் போகாதது, மூச்சு வாங்குவது, எவ்வளவு தேற்றியும் அடங்காத வீறிடல்: இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். வண்டி வருவதற்குள் என்ன மருந்து, எந்த நேரம், எத்தனை மில்லி கொடுத்தீர்கள் என்று எழுதிய தாளைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.